மாடியறையில் நாயன சாதகம்: பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற பழைய தெரு. மாடியில் 14-க்கு 11 அடியில், 9 அடி உயரத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. கேட்டிருக்கும் தம்பி நாகஸ்வரம் வாசிப்பவர், அவருடைய சித்தப்பா மகன் தவில். விடியற்காலை நாலரைக்குச் சாதகம், அதாவது வாசிப்புப் பயிற்சி, செய்ய வேண்டும், வாசிப்பதை ஒழுங்காகப் பதிவு செய்யவும் வேண்டும். பக்கத்து வீட்டில் வயதானவர்கள், சண்டை வேண்டாம். இன்டீரியர் வேலை செய்கிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சுவர் முழுக்க முக்கோணம் முக்கோணமாக இருக்கிற கறுப்பு ஃபோம் ஒட்டினால் 'பக்கா சவுண்ட் ப்ரூஃப்' என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள் தம்பி. அந்த ஃபோம் செய்கிற வேலையே வேறு. அறைக்குள் கை தட்டினால் டங்கென்று திரும்பி வருகிறதே, அதைக் குறைக்கும். சுவரைத் தாண்டிப் போகிற சத்தத்தை ஒன்றும் செய்யாது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு வாங்கி, பாட்டு ஓடுகிற ஃபோனுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். முட்டை அட்டை, தெர்மோகோல், கோரைப்பாய் எல்லாம் இந்த ரகம்தான். கையில் எடுத்தால் கனமே தெரியாத பொருள் சத்தத்தை நிறுத்தாது. எனக்கு அதைவிடப் பெரிய பயம் தீ. சாதாரண பாலியூரிதேன் ஃபோம் ஒரு பொறி பட்டால் மளமளவென்று பற்றிக்கொள்ளும், புகையும் விஷம். ஒரே கதவு, மூடிய ஜன்னல், உள்ளே வயரும் பிளக்கும். அந்த அறையில் நான் உட்கார மாட்டேன்.

சத்தம் வெளியே போகாமல் தடுப்பது ஒரு வேலை, உள்ளே நன்றாகக் கேட்க வைப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் பொருள் வேறு, செலவு வேறு. முதலாவதுக்கு வேண்டியது கனம், சந்து இல்லாமை, அப்புறம் உள்சுவரும் வெளிச்சுவரும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பது. சுவரின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது சுமார் 5, 6 டெசிபல்தான். காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்ததாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே செங்கல் மேல் செங்கல் அடுக்கி ஜெயிக்க முடியாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாரி நாயனமும் (நீளமான நாகஸ்வரம்) தவிலும் சேர்ந்து வாசிக்கும்போது அறைக்குள் நூறு டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். இரண்டு பக்கமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் தோராயமாக 50 டெசிபல் தடுக்கும். அப்படியென்றால் அந்தப் பக்கம் 50 சொச்சம் போகும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 வரைதான் இருக்கலாம். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. நம் ஆட்களுக்கு நாலரை மணி விடியற்காலை, சட்டத்துக்கு அது நடு ராத்திரி மாதிரிதான். ஆக, பகலில் வெறும் 9 அங்குலச் சுவரே ஏறக்குறைய ஒப்பேற்றிவிடும். விடியற்காலை அசுர சாதகத்துக்குத்தான் இன்னும் பத்துப் பதினைந்து டெசிபல் தேவைப்படுகிறது. பழைய வீடுகளில் பொதுச்சுவர் சுண்ணாம்புக் கட்டாக, இன்னும் பருமனாகக்கூட இருக்கும், அது உங்கள் அதிர்ஷ்டம். மாடியைப் பின்னால் எழுப்பியிருந்தால் அங்கே நாலரை அங்குலச் சுவர்தான் இருக்கும், ஹாலோ பிளாக்காகக்கூட இருக்கலாம். எது என்று முதலில் பாருங்கள், ஜன்னல் ஓரத்தில் டேப் வைத்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் நடைமுறையில் சுவரால் தோற்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தோற்பதெல்லாம் கதவில்தான்.

14 அடி நீளம், 10 அடி உயரமுள்ள ஒரு சுவர் என்று வையுங்கள், 140 சதுர அடி. அதில் 3-க்கு 7 அடியில் ஒரு சாதாரணக் கதவு. சுவர் 50 டெசிபல் தடுக்கிறது, கதவு 25. சராசரியாக நாற்பது வரும் என்று தோன்றும், வராது; மொத்தத்துக்கும் 33 தான். இதைவிட மோசம் கதவுக்கு அடியில் இருக்கிற சந்து. வெறும் அரை அங்குலச் சந்து, 3 அடி நீளம். சுவரையும் கதவையும் மலையாகவே கட்டிவைத்தாலும் அந்த ஒரு சந்து மொத்தத்தையும் 30 டெசிபலுக்கு இழுத்துவிடும். லட்சம் செலவு செய்து சுவருக்குப் போர்டு அடித்துவிட்டு, 'ஒன்றும் குறையவில்லையே' என்று கேட்பவர்கள் வீட்டில் நான் முதலில் குனிந்து பார்ப்பது இந்த இடத்தைத்தான். டார்ச்சை உள்ளே எரியவிட்டு, வெளியே விளக்கை அணைத்துப் பாருங்கள். வெளிச்சம் வருகிற இடத்திலெல்லாம் சத்தமும் வருகிறது.

இந்த விஷயத்தில் பழைய வீட்டுக் கதவு புதுக் கதவைவிட எவ்வளவோ மேல். கனமான நிலை, உயர்ந்த நிலைப்படி, முழு மரக் கதவு. நிலைப்படி இருந்தால் கதவின் அடிவிளிம்பு எதன்மீதாவது போய் உட்காரும். டைல்ஸ் தரையோடு சமமாக இருக்கிற இன்றைய வாசலில் அது அந்தரத்தில் நிற்கிறது. வீட்டில் கழற்றிப் போட்ட பழைய கதவு கிடந்தால் விற்றுவிடாதீர்கள். இல்லையென்றால் சந்தையில் கிடைக்கிற உள்ளே கட்டை நிரப்பிய ஃப்ளஷ் கதவு இரண்டை ஒன்றோடொன்று திருகி, நடுவில் ஒரு ரப்பர் ஷீட் வைத்தாலும் சரிதான், கீல் மட்டும் நாலு போடச் சொல்லுங்கள். சுற்றிலும் நிலையில் ரப்பர் பீடிங், அடியில் நிலைப்படி. அறைக்கு முன்னால் சின்னதாக ஒரு இடம் விட்டு இரண்டாவது கதவு போட முடிந்தால் அதற்கு இணையாக எதுவும் இல்லை.

ஆசாரியிடம் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் வைகாசியில் இழைத்து இறுக்கமாகப் பொருத்திய கதவு ஐப்பசியில் உப்பி மாட்டிக்கொள்ளும். ஐப்பசியில் பொருத்தினால் சித்திரையில் சுருங்கிச் சந்து விடும். மரத்தோடு மரம் இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்று கேட்காதீர்கள். நாலைந்து மில்லிமீட்டர் விட்டுவிட்டு, அந்த இடத்தை அமுங்கிக் கொடுக்கிற ரப்பர் நிரப்பட்டும். பூட்டும்போது கதவை உள்ளே இழுத்து அமுக்குகிற மாதிரி தாழ்ப்பாள் வேண்டும், கடைகளில் குளிர் அறைக் கதவுக்குப் போடுகிற கைப்பிடி கிடைக்கிறது, அது நன்றாக வேலை செய்யும்.

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவதுதான் என் ஆலோசனை. வெளிச்சம் வேண்டும் என்றால் பழைய ஜன்னலை அப்படியே வைத்து, உள்பக்கம் நாலு அங்குலம் தள்ளி வேறு பருமனில் இன்னொரு கண்ணாடி. மேலே வெண்டிலேட்டர் ஓட்டையும் பரண் பக்கத்துச் சந்தும் மறக்காமல் அடைபட வேண்டும்.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். அந்த மாடியறை தவிலுக்குச் சரியான இடம் இல்லை.

நாயனத்தின் சத்தம் பெரும்பாலும் காற்று வழியாகப் போவது, அதன் கூர்மையெல்லாம் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. கனமான சுவரும் சந்தில்லாத கதவும் அதை நன்றாகவே மடக்கிவிடும். தவில் அப்படி இல்லை. வலந்தலையில் (தவிலின் வலது பக்கத் தோல்) கூடு மாட்டிய விரல் விழுகிற சத்தம்கூடப் பரவாயில்லை. தொப்பியில் (இடது பக்கத் தோல்) குச்சி விழுகிறபோது வருகிற அடி இருக்கிறதே, அது உட்கார்ந்திருக்கிறவரின் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கி, கான்கிரீட் தளம் முழுக்க ஓடி, பொதுச்சுவரில் ஏறிவிடும். கீழே படுத்திருப்பவருக்கு யாரோ மாடியில் உலக்கை போடுவது மாதிரி இருக்கும். மரவிட்டங்கள்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் தரையாக இருந்தால் விட்டங்கள் பொதுச்சுவருக்குள்ளேயே செருகியிருக்கும், கேட்கவே வேண்டாம். காற்றுச் சத்தத்துக்குச் செய்கிற வைத்தியம் இதற்குப் பலிக்காது. தரையையே மிதக்கவிட வேண்டும்: அடர்த்தியான ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பலகையோ ரப்பர் கட்டைகளோ பரப்பி, அதன்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு, அடுக்குகளின் மூட்டு ஒன்றன்மேல் ஒன்று வராமல், ஓரம் எங்கேயும் சுவரில் முட்டாமல். தவில்காரர் மட்டும் உட்காருகிற அளவுக்கு 6-க்கு 4 அடி மேடையாக இதைச் செய்துகொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும், செலவும் தாங்கும்.

கொல்லைப்பக்கம் கீழே ஏதாவது அறை இருக்கிறதா? மாட்டுக் கொட்டகையாக இருந்தது, நெல் மூட்டை போட்டது, எதுவானாலும். தரை மண்மேல் உட்கார்ந்திருப்பதால் அடி அங்கேயே செத்துவிடும், கீழே ஆள் இல்லை, பக்கத்து வீட்டுப் படுக்கையறையும் தூரம். ஓடு வேய்ந்திருந்தால் மட்டும் கான்கிரீட் மூடி போட்டாக வேண்டும். ஓட்டுக்கும் தகர ஷீட்டுக்கும் அடியில் எவ்வளவு வேலை செய்தாலும் சத்தம் மேலே போய்த் தெருவில் இறங்கும், ஐப்பசி மழையில் பதிவு செய்யவும் முடியாது. என் கையில் விட்டால் மாடியறையைப் பதிவுக்கும் நாயன சாதகத்துக்கும் வைத்துக்கொண்டு, தவிலோடு சேர்ந்து வாசிப்பதைக் கொல்லைக்குக் கொண்டுபோவேன். விடியற்காலையில் தவில் கண்டிப்பாக வேண்டும் என்பதும் இல்லை, சொற்கட்டை வாயாலேயே கொன்னக்கோலாகச் சொல்லிப் பழகுவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது.

இல்லை, மாடியறைதான் என்றால் அறைக்குள் அறை கட்ட வேண்டும். இருக்கிற சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, அதைத் தொடாமல் ஜிஐ சேனல் (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) சட்டம். மரச் சட்டம் வேண்டாம், கறையான் எங்கிருந்து ஏறும் என்று காவிரிக்கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்துக்குள் 50 மில்லிமீட்டர் ராக்வூல். உள்பக்கம் 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. ஓரங்களில் வெள்ளைச் சிமெண்ட் பூசாமல், காய்ந்தபிறகும் இழுவையோடு இருக்கிற அக்ரிலிக் சீலன்ட் அடிக்க வேண்டும். நம் பக்கத்துக் களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்புகிறது, கூடவே வீடும் அசைகிறது. சிமெண்டால் அடைத்த மூட்டு அடுத்த கோடையில் மயிரிழை விட்டிருக்கும், அந்த மயிரிழை போதும். உள் கூரையைத் தளத்திலிருந்து தொங்கவிடாதீர்கள், உள்சுவர்களின் தலையிலேயே அது உட்காரட்டும். ஆங்காங்கே ஒரு திருகு சுவரையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடித்தால் போச்சு, செய்த வேலையெல்லாம் அந்தத் திருகு வழியாக வெளியே போய்விடும். வேலையாட்கள் 'ஆடுது சார்' என்று அன்போடு இதைத்தான் செய்வார்கள். பக்கத்தில் நில்லுங்கள். சுவிட்ச் பாக்ஸுக்காகப் போர்டை வெட்டவும் விடாதீர்கள், வயரைக் குழாயில் போட்டு மேலாகவே கொண்டுபோகட்டும்.

ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலம் குறையும். எடையையும் பாருங்கள்: 50 அடி சுற்றளவுக்கு இரண்டு அடுக்கு என்றால் போர்டு மட்டுமே முக்கால் டன்னை நெருங்கும், கூரையையும் சேர்த்தால் ஒரு டன். பழைய மெட்ராஸ் தரைமேல் இதை ஏற்றுவதற்கு முன் ஒரு பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும், கொத்தனார் சொல்வது போதாது.

சுவரில் ஓதம் (ஈரக் கசிவு) இருந்தால் அதை மூடிவிட்டு மேலே வேலை செய்யாதீர்கள். கொல்லை அறைகளில் இது நிச்சயம் இருக்கும், முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு கையோடு உதிரும். அதன்மேல் ஜிப்சம் அடித்தால் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை வாசனை, அப்புறம் போர்டே ஊறிப்போகும். கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, கோடையில் காயவிட்டு, பிறகு தொடங்குங்கள். அடியில் ஓர் அடிக்கு ஜிப்சத்துக்குப் பதில் சிமெண்ட் ஃபைபர் போர்டு போடுங்கள், தண்ணீர் புகுந்தாலும் தாங்கும். பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்து ஆடிக்குள் முடிப்பதுதான் சரியான காலம்.

காற்றைப் பற்றி யாருமே கேட்பதில்லை, இந்தத் தம்பியும் கேட்கவில்லை. சத்தம் போகாத அறை என்றால் காற்றும் போகாத அறை. உங்கள் அறையில் மொத்தம் 39 கன மீட்டர் காற்று இருக்கிறது. நாலு பேர் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், அரை மணி நேரத்தில் கரியமில வாயு வெளியே இருப்பதைப்போல மூன்றரை மடங்கு ஆகிவிடும். தலை கனக்கும், கொட்டாவி வரும், மூச்சையே நம்பி வாசிக்கிற நாயனக்காரருக்கு ராகம் நீளாது. ஸ்பிளிட் ஏசி இருக்கிறதே என்பார்கள். அது உள்ளே இருக்கிற காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்று ஒரு சொட்டு தராது. ஆளுக்கு நிமிடத்துக்கு 20 கன அடி என்று வைத்து, நாலு பேருக்கு 80 கன அடி இழுக்கிற குழாய்க்கு நடுவில் பொருத்துகிற சின்ன இன்லைன் விசிறி ஒன்று போதும். அதை அறைச் சுவரில் மாட்டாமல் தள்ளி வையுங்கள். அறைக்கும் அதற்கும் நடுவில் பிளைவுட் பெட்டி: உள்ளே மூன்று மடிப்பு, பக்கங்களில் துணி சுற்றிய ராக்வூல். காற்று வளைந்து வளைந்து போகும், சத்தம் ஒவ்வொரு வளைவிலும் பஞ்சில் முட்டிக் குறையும். உள்ளே வர ஒரு பெட்டி, வெளியே போக ஒரு பெட்டி. பெட்டியின் வாய் பெரிதாக இருக்கட்டும், குறுகலாக இருந்தால் காற்றே உஸ்ஸென்று சத்தம் போட்டு மைக்கில் விழும்.

ஏசி வெளி யூனிட்டைப் பொதுச்சுவரில் மாட்டாதீர்கள், குழாய் போகிற ஓட்டையைச் சுற்றிக் கெட்டியாக அடையுங்கள். ஈரப்பதத்துக்கு ஏசி வேண்டும்தான். மிருதங்கமோ தவிலோ மழைக்காலத்தில் தோல் தொய்ந்து சுருதி நிற்காது. ராத்திரி முழுக்க ஏசியில் கிடந்தாலோ காய்ந்து விறைத்துவிடும். சுவரில் ஒரு ஈரமானி மாட்டி 50, 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் வாத்தியத்துக்கும் நல்லது, சீவாளிக்கும் (நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற நாணல்) நல்லது, நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக்குக்கும் நல்லது. மைக்கை வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பை போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

இனி அறைக்குள் எப்படிக் கேட்கும் என்பது. நாயனம் நாலு சுவருக்குள் வாசிக்கப் பிறந்த வாத்தியம் இல்லை. கல் பிராகாரத்திலும் நாலு வீதிப் புறப்பாட்டிலும் ஒலிக்க வேண்டியதை 11 அடி அறையில் வைத்தால் காதைக் கிழிக்கும். அதற்குப் பயந்து நாலு சுவரையும் பஞ்சால் மூடிவிட்டால் இன்னொரு தொல்லை: ஊதியது திரும்பி வராது, வாசிப்பவருக்குத் தன் நாதமே செத்துப்போன மாதிரி இருக்கும், அறியாமலே மூச்சை அழுத்தி ஊதுவார், சுருதி மேலே ஏறும், உதடு சீக்கிரம் களைக்கும். ஆகவே பாதிப்பாதி. கூரையிலும் வாசிப்பவருக்கு எதிர்ச் சுவரிலும் நாலு அங்குலப் பருமனில் துணி போர்த்திய ராக்வூல் பலகை, நாலு மூலைகளிலும் தரையிலிருந்து கூரைவரை இன்னும் பருமனாக. முதுகுப் பக்கச் சுவரை அப்படியே விடுங்கள். அங்கே புத்தக அலமாரி, பழைய மர ஸ்டாண்டு, சமமில்லாமல் எது இருந்தாலும் நல்லதே, ஒலி சிதறும். நீளமும் அகலமும் உயரமும் ஒரே அளவாக இல்லாதது உங்களுக்கு அதிர்ஷ்டம். 10-க்கு 10-க்கு 10 அறையாக இருந்திருந்தால் மூன்று பக்கத்து அதிர்வும் 57 ஹெர்ட்ஸில் ஒன்றாகக் குவிந்து தொப்பிச் சத்தம் கும்மென்று நின்றுவிடும். உங்கள் அறையில் அது 41, 52, 64 என்று பிரிந்திருக்கிறது.

பஞ்சு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும், காதுக்காக. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் தாங்குவது 15 நிமிடம்தான், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. வெளியே வாசிக்கும்போது சத்தம் ஆகாயத்துக்குப் போய்விடும். மூடிய அறையில் தினமும் மூன்று மணி நேரம் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நாற்பது வயதில் 'என்ன?' என்று கேட்கிற ஆளாகிவிடுவீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் குறைக்கிற காதடைப்பான் வருகிறது, தவில்காரர் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளட்டும்.

பதிவுக்கு வருவோம். நாயனத்தில் சத்தம் அணசு (அடியில் விரிந்த வாய்) வழியாக மட்டும் வருவதில்லை, திறந்திருக்கிற விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. அணசுக்கு நேராக மைக்கை வைத்தால் சில ஸ்வரங்கள் குத்தும், சிலது காணாமல் போகும், அதுவும் அசைந்து வாசிக்கிறவராக இருந்தால் சொல்லவே வேண்டாம். மூன்று நாலு அடி தள்ளி, வாத்தியத்துக்குச் சற்று மேலே, உலவின் (துளைகள் உள்ள மரக் குழல்) நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள். கண்டென்சர் என்றால் 10 அல்லது 20 டெசிபல் குறைக்கிற சுவிட்ச் உள்ளதாக வாங்குங்கள், இல்லையென்றால் தார ஸ்தாயியில் பதிவாகிற ஒலி உடைந்துவிடும். மேடையில் பாடுகிறவர்கள் பிடிக்கிற ரகத்தில் ஒரு நல்ல டைனமிக் மைக்கே இந்த வாத்தியத்துக்குப் போதும் என்பேன், கூர்மையைக் கொஞ்சம் மழுக்கித் தரும். சாதாரண வாசிப்பில் பதிவு மீட்டர் மைனஸ் 18 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும், உச்சத்தில் மைனஸ் 6-ஐத் தாண்ட வேண்டாம். தவிலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி தள்ளி ஒவ்வொரு மைக்.

தவிலைத் தனியாக, நாயனத்தைத் தனியாகப் பதிந்து பின்னால் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். செய்யாதீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசித்த பல்லவியை எவ்வளவு சுத்தமாகச் சேர்த்தாலும் அதில் உயிர் இருக்காது. ஒரே அறையில் உட்காருங்கள், தவில் சத்தம் நாயன மைக்கில் கலக்கத்தான் செய்யும். மைக்குகளுக்கு நடுவே உள்ள தூரம், மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு இருந்தால் நல்லது. உங்கள் அறையில் அவ்வளவு இடம் வராது, நாயன மைக்கைக் கிட்டே கொண்டுவந்து முடிந்தவரை தள்ளி உட்காருங்கள். பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். உர்ரென்ற சத்தம் மட்டும் பிரச்சினை இல்லை, சுற்றுகிற இறக்கை நாதத்தை வெட்டி வெட்டி அனுப்பும், பின்னால் அதை எதுவாலும் எடுக்க முடியாது. முன்கூட்டியே ஏசியைப் போட்டு அறையைக் குளிரவைத்து, பதியும்போது அணைத்துவிடலாம். மார்கழியில் மட்டும் காலையில் பதிவு வைக்காதீர்கள், கோயில் ஒலிபெருக்கியை உங்கள் சுவர் முழுதாகத் தடுக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. பதிவில் மெல்லிய ஊம் என்ற இரைச்சல் வந்தால் அது 50 ஹெர்ட்ஸ், எர்த் சரியில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர், மைக்கை அதோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். இன்வெர்ட்டர் வாங்கினால் சைன் வேவ்தான், மலிவான சதுர அலை இன்வெர்ட்டர் மைக் லைனில் கொர்ரென்று கேட்கும்.

வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அந்த அறையில் நீங்கள் உண்மையாகவே வாசியுங்கள், சித்தப்பா மகன் ஃபோனில் டெசிபல் ஆப்போடு பக்கத்து வீட்டில் அவர்கள் படுக்கிற அறையில் நிற்கட்டும். ஃபோன் காட்டுகிற எண் துல்லியமாக இருக்காது, ஆனால் உள்ளே எவ்வளவு, அங்கே எவ்வளவு என்கிற வித்தியாசத்தை நம்பலாம். பெரியவர்களிடம் 'உங்களுக்குத் தொல்லை இல்லாமல் செய்யத்தான் அளக்கிறோம்' என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அதிலேயே பாதிச் சண்டை நின்றுவிடும். பிறகு கதவை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி அளங்கள். அதற்கு மேல் எத்தனை டெசிபல் வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும், போர்டு வேலையே தேவைப்படாமலும் போகலாம்.

அந்த இரண்டு எண், பொதுச்சுவரின் பருமன், மாடித் தளம் கான்கிரீட்டா மெட்ராஸ் தரையா, கொல்லையில் அறை உண்டா, இதையெல்லாம் எழுதிக் கேளுங்கள். மேடை அளவும் காற்றுப் பெட்டி அளவும் வரைந்து தருகிறேன்.